யாரோடு யார் சாப்பிடுவது? கிறிஸ்தவத்தின் 'மூலம்' பற்றிச் சில குறிப்புகள்

1

கிறிஸ்தவம் தன் மூல போதனைகளுக்கு உண்மையாக இருந்திருக்கிறதா என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு தயார் பதில்கள் இருக்கின்றன. ஒன்று திருச்சபையின் பதில். அப்போஸ்தலர் காலம் தொட்டு இன்றுவரை அறுபடாத ஒரு சங்கிலி இருக்கிறது, இடையில் மனிதர்கள் தவறியிருக்கலாம், போதனை தவறவில்லை என்பது அது. மற்றது நம்ம பக்கத்துப் பதில். இயேசு ஏழைகளின் தோழர், கலகக்காரர். பிறகு கான்ஸ்டன்டைன் வந்தான், 313-இல் சலுகை கொடுத்தான், 325-இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினான், 380-இல் தியோடோசியஸ் அதை அரசு மதமாக்கினான், எல்லாம் கெட்டுப்போச்சு. எங்கெல்ஸ் 1894-இல் எழுதிய கட்டுரையும் காவுத்ஸ்கியின் 1908-ஆம் ஆண்டு நூலும் ஆதிச்சபையை அடிமைகளும் ஏழைகளும் கூடிய ஓர் இயக்கமாகக் காட்டின. அதிலிருந்து நாம் வசதியாக எடுத்துக்கொண்டது இதுதான்: இயேசு நல்லவர், சர்ச் மோசம்.

இரண்டு பதில்களும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும் ஓரிடத்தில் கைகோத்து நிற்கின்றன. ஆரம்பத்தில் சுத்தமான ஒரு மூலம் இருந்தது என்பதில் இரண்டுக்கும் சந்தேகமில்லை. அது பத்திரமாக இருக்கிறது என்கிறது ஒன்று, தொலைந்துபோனது என்கிறது இன்னொன்று. மூலம் என்று ஒன்று இருந்ததா, இருந்தால் அது எந்த வடிவில் நம் கைக்கு வருகிறது என்று இரண்டுமே கேட்பதில்லை.

இயேசு பேசியது அராமிக் மொழி. நம்மிடம் இருக்கும் நான்கு சுவிசேஷங்களும் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. அவற்றுள் முந்தியதான மாற்கு, கி.பி. 70-ஐ ஒட்டியது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. அதற்கும் முந்தியவை பவுலின் கடிதங்கள், 50-களைச் சேர்ந்தவை. ஆக மூலம் என்பதே மொழிபெயர்ப்பாக, நினைவாக, பல கைகள் தொட்ட பிரதியாகத்தான் வந்து சேர்கிறது. 'வரலாற்று இயேசு'வைத் தேடிக் கிளம்பிய ஐரோப்பிய அறிஞர்கள் தத்தம் காலத்து மனிதனையே கண்டுபிடித்துத் திரும்பினார்கள் என்பதை 1906-இலேயே ஆல்பர்ட் ஷ்வைட்சர் விரிவாகக் காட்டிவிட்டார். நாமும் அப்படித்தான். நமக்கு ஒரு தோழர் தேவைப்பட்டார், கிடைத்தார்.

இதனால் கேள்வியே செல்லாது என்று சொல்லி நழுவிவிடலாமா? மூலம் என்று எதுவுமில்லை, எல்லாம் வாசிப்புதான் என்று கைகழுவுவது சமீப காலங்களில் நமக்கு எளிதாகக் கைவந்த வித்தை. ஆனால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், "உங்க வேதத்துல இப்பிடியா எழுதியிருக்கு?" என்று கேட்கும்போது அவரிடம் போய் மூலம் இல்லை என்று சொல்வது யோக்கியமில்லை. அவர் கேட்பது பிரதியியல் சந்தேகம் இல்லையே. அது ஒரு வழக்கு. அந்த வழக்கை எங்கே வைத்து விசாரிப்பது?

போதனைகள் என்று பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். அன்பு, மன்னிப்பு, சமாதானம் என்று அடுக்கினால் ஆமோதிக்காத பேராயரே கிடையாது. அதனால் நான் ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது? அதாவது பந்தி. கிறிஸ்தவத்தின் மையச் சடங்கே ஒரு சாப்பாடு. கத்தோலிக்கர் நற்கருணை என்கிறார்கள், மற்றவர்கள் திருவிருந்து, இராப்போஜனம் என்கிறார்கள். சாதிச் சமூகத்தில் பந்தி என்றால் என்னவென்று நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

2

இயேசு மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளுள் சுவிசேஷங்கள் மறைக்காமல் பதிவு செய்திருப்பது அவருடைய சாப்பாட்டு சகவாசம் பற்றியது. வரிவசூலிப்பவர்களோடும் பாவிகள் எனப்பட்டவர்களோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார், சாப்பாட்டுப் பிரியர், குடிகாரர் என்று ஏசுகிறார்கள். எதிரிகளின் வசை என்பதால் இதை நம்பலாம். பக்தர்கள் இட்டுக்கட்டக்கூடிய விஷயம் இல்லை இது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. யூதச் சட்டத்தைச் சாதியாகவும் இயேசுவை அதை உடைக்க வெளியிலிருந்து வந்தவராகவும் எழுதுவது நம்மிடையே வழக்கம். இது ஐரோப்பாவின் யூத வெறுப்பிலிருந்து நாம் அறியாமல் வாங்கிக்கொண்ட கடன். இயேசு யூதர், அவரோடு சண்டை போட்டவர்களும் யூதர்கள். அது அந்த மரபுக்குள் நடந்த வாக்குவாதம். தீட்டு என்ற சொல் இரண்டு இடத்திலும் வருகிறது என்பதற்காக எருசலேமும் நம் ஊர்ச் சேரி எல்லையும் ஒன்றாகிவிடாது.

இயேசு இறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்குமோ என்னவோ, அந்தியோகியாவில் ஒரு சம்பவம் நடக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் அதைச் சொல்கிறார். பேதுரு அங்கே விருத்தசேதனம் செய்யாத புறஇனத்தாரோடு சேர்ந்து சாப்பிட்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். பர்னபாவும் கூடவே ஒதுங்கினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். முதல் போப்பாண்டவர் என்று கொண்டாடப்படுபவரே, ஆள் வந்ததும் இலையை விட்டு எழுந்துவிட்டார்! பொதுப் பந்தி பற்றிக் கிறிஸ்தவத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சாட்சிகளில் ஒன்று, பந்தி உடைந்ததைப் பற்றிய புகாராக இருக்கிறது.

இன்னொன்றும் புகார்தான். 50-களின் நடுவில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், பதினோராம் அதிகாரம். கூடிவந்து சாப்பிடும்போது ஒருவர் பசியோடு இருக்கிறார், இன்னொருவர் குடித்து வெறித்திருக்கிறார் என்று பவுல் கோபப்படுகிறார். கெர்ட் தைசன் போன்றவர்கள் இதை வர்க்க அடிப்படையில் விளக்கியிருக்கிறார்கள். அன்று தனிக் கோயில்கள் கிடையாது. வசதியுள்ளவர் வீட்டில்தான் சபை கூடும். அந்த வீடுகளின் விருந்தறையில் சாய்ந்து சாப்பிட ஒன்பது பேருக்கு இடமிருந்தால் அதிகம். வீட்டுக்காரரின் அந்தஸ்துள்ள நண்பர்கள் முன்னதாக வந்து உள்ளே சாப்பிடுவார்கள். அடிமையும் கூலிக்காரரும் வேலை முடிந்து வரும்போது முற்றத்தில் மிச்சம் இருந்தால் உண்டு. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்கிறார் பவுல்.

இதுவரை சரி. ஆனால் அவர் சொல்லும் தீர்வைக் கவனியுங்கள். பசிக்கிறவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்கிறார். இது யாருக்கு வசதி? வீட்டில் சாப்பாடு இருப்பவனுக்கு. சபையில் அப்பம் சமமாகப் பிட்கப்படும், வீட்டில் அவனவன் தகுதிக்கேற்பச் சாப்பிடலாம். வயிறு நிறையச் சாப்பிடும் சாப்பாடு வேறு, சடங்குச் சாப்பாடு வேறு என்று பிரிக்கும் கத்தி இங்கேயே தீட்டப்பட்டுவிடுகிறது. பின்னால் நற்கருணை ஒரு துண்டு அப்பமாக, காகிதம் போன்ற அப்பமாகச் சுருங்குவதற்கு வழி இப்படித்தான் பிறக்கிறது.

மூலத்தில் பொதுப்பந்தி இருந்தது, கான்ஸ்டன்டைன் கெடுத்தான் என்ற கதையாடல் இதனால் அடிபட்டுப்போகிறது. கட்டளையும் மீறலும் சமரசமும் ஒரே வயசு. கிறிஸ்தவத்தின் மூலத்தில் நான் காண்பது அசலான ஒரு போதனையை அல்ல, ஒரு சண்டையை. யாரை உட்காரவைப்பது என்ற சண்டை.

3

கொரிந்துவில் பவுல் செய்த பிரிவினைதான் பிற்பாடு பெரிய உத்தியாக வளர்கிறது என்பது என் வாதம். போதனையை யாரும் மறுப்பதில்லை. போதனைக்குச் சேர்ந்தது எது, சேராதது எது என்ற எல்லைக்கோட்டை மட்டும் நகர்த்துகிறார்கள். அதிகாரத்துக்குச் சங்கடமானதெல்லாம் கோட்டுக்கு வெளியே போய்விடும், உள்ளே இருப்பது பரிசுத்தமாகவே இருக்கும்.

ஐரோப்பாவிலிருந்து ஓர் உதாரணம் போதும். மத்திய காலத்தில் சாதாரண விசுவாசிகளுக்கு அப்பம் மட்டும், குருவுக்கு அப்பமும் ரசமும் என்ற வழக்கம் மெல்ல மெல்ல வந்துவிட்டது. சிந்திவிடும் என்ற பயம் ஒரு காரணம். அப்பத்திலேயே முழுக் கிறிஸ்துவும் இருப்பதால் ரசம் இல்லாமல் யாருக்கும் நஷ்டமில்லை என்று இறையியல் சமாதானம் சொன்னது. 1414-இல் பிராகாவில் யாக்கூபெக் என்ற குருவும் அவர் கூட்டாளிகளும் மக்களுக்கும் பாத்திரத்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1415 ஜூன் 15-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் அதைத் தடை செய்தது. ஆதிச்சபையில் எல்லாருக்கும் இரண்டும் கொடுக்கப்பட்டது உண்மைதான் என்று அதே ஆணை ஒத்துக்கொண்டது! மூலம் அப்படி, ஆனால் வழக்கம் இப்படி, வழக்கமே சட்டம். மூன்று வாரம் கழித்து, ஜூலை 6-இல், யான் ஹுஸ் எரிக்கப்பட்டார்.

பொஹீமியாவில் பாத்திரம் கொடியில் ஏறியது. விவசாயிகளும் கைவினைஞர்களும் கொண்ட படை அந்தக் கொடியின் கீழ் சிலுவைப் போர்ப்படைகளைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தது. 1420-இல் தாபோரில் கூடியவர்கள் பொதுப் பெட்டியில் தங்கள் உடைமைகளைப் போட்டார்கள். அது அதிக நாள் நீடிக்கவில்லை. ஒரு வாய் ரசத்துக்காகவா இவ்வளவு ரத்தம் என்று கேட்கலாம். ரசம் யாருக்கு வேணும்? ஒரே மேஜையில் இரண்டு தரம் ஏன் என்பதுதான் அவர்கள் கேட்டது. சாமியார் ஒரு தரம், சனங்கள் ஒரு தரம். கொரிந்துக்காரர்களுக்குப் புரிந்திருக்கும்.

4

இனி நம் ஊர்.

1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரை வந்தபோது அங்கே ஏற்கெனவே கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற சேசுசபைக் குரு இருந்தார். அவரிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் பரவர்களும் போர்த்துக்கீசியர்களும். பறங்கி மதம் என்று உயர்சாதியார் ஒதுக்கினார்கள். நொபிலி தனியே குடியேறி, சந்நியாசி உடை தரித்து, பிராமணச் சமையலில் சைவம் உண்டு, ஃபெர்னாண்டஸின் சபையிலிருந்து விலகி நின்றார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமயக் குறிகள் அல்ல, சமூக வழக்கங்கள் என்பது அவரது வாதம். 1623-இல் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் அதை அனுமதித்தார். பின்னர் தாழ்ந்த சாதியாருக்கென்று 'பண்டாரசாமி' என்ற தனிவகைக் குருக்கள் வந்தார்கள். நொபிலியின் தமிழ்ப் புலமையை நாம் கொண்டாடலாம், அதில் தடையில்லை. ஆனால் பாருங்கள், அதே கத்தி. சமயம் இந்தப் பக்கம், சமூக வழக்கம் அந்தப் பக்கம். சாதி அந்தப் பக்கம் போய்விட்டது.

சீர்திருத்த சபை வந்தால் மாறியிருக்க வேண்டுமே? 1706-இல் சீகன்பால்கும் புளுட்சாவும் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. எவரும் படிக்கலாம். ஆனால் கோயிலுக்குள் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1733-இல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் என்பவர் இருந்தார். தஞ்சை மராட்டியர் படையில் இருந்தவர், பறையர், தஞ்சைப் பகுதியில் ஓயாமல் உழைத்த உபதேசியார். மிஷனரிகளுக்கு அவர்மேல் மரியாதை குறைவில்லை. ஆனால் 1741-இல் பட்டம் பெற்றவர் தியோகு. காரணத்தையும் எழுதிவைத்துவிட்டார்கள். ராஜநாயக்கன் கையால் இராப்போஜனம் கொடுத்தால் சாதிக் கிறிஸ்தவர்கள் மதிப்பார்களா என்ற தயக்கம்.

இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். வாங்கிச் சாப்பிடலாம், கொடுக்கக் கூடாது. பந்தியில் கடைசியிலாவது இடம் உண்டு. பரிமாறும் கை மட்டும் அவருடையதாக இருக்கக்கூடாது. சாதி எங்கே வசிக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆவணம் வேறென்ன வேண்டும்?

நூறு ஆண்டு கழித்து ஆங்கிலேய மிஷனரிகள் சாதியை ஒழிக்கக் கிளம்பினார்கள். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதி வித்தியாசங்களை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டுமென்று தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரிய கலவரம், வெளிநடப்பு. பின்னால் வந்த லீப்சிக் லுத்தரன் மிஷன் சாதியைச் சமூக வழக்கமாகப் பார்த்துப் பொறுத்துக்கொண்டதால் விலகியவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் சண்டையில் நமக்குச் சங்கடமான ஓர் ஆள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் பெரிய ஆளுமை. அவர்தான் 1829-இல் சாதியைத் திருத்த நினைப்பது பைத்தியம் என்று நூல் எழுதியவரும். புது மிஷனரிகள்மேல் அவர் வைத்த புகார்ப் பட்டியலில் சாதியில் கை வைத்தது ஒன்று. பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியது, விழாக்களில் பூவை விலக்கியது, தமிழ்ப் பாட்டை ஒடுக்கியது ஆகியவை மற்றவை. பூவும் பாட்டும் மொழியும் சாதியும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. காலனியம் பண்பாட்டை அழித்தது என்று நாம் எழுதும்போது இந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் தலையில் தூக்கிக்கொள்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பூவை மீட்கலாம். மூட்டையோடு மீட்க முடியாது.

அதேநேரம் வில்சனின் பக்கத்தையும் புனிதப்படுத்த வேண்டாம். 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்களுக்கு ஒரு சோதனை வைத்தது: பறையர் சமைத்ததை எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மறுத்த உபதேசிமார் பலர் வேலை இழந்தார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடும் சேர்ந்து உண்ணுவதை உறுப்பினர் ஆவதற்கான அளவுகோலாக்கியது. நல்ல காரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் கொடுக்கும் துரை, சாப்பிடுகிறானா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். சமைத்த பறையர் அந்தக் காட்சியில் யார்? மற்றவர்களின் விசுவாசத்தை அளக்கும் கருவி. அவருடைய பேச்சு எதுவும் இல்லை. பந்தி நடந்தது, பந்தியை நடத்தும் அதிகாரம் கை மாறவில்லை.

5

வடக்கன்குளத்துக்கு வருவோம். திருநெல்வேலிப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர். வெள்ளாளப் பிள்ளைமாருக்கும் நாடார்களுக்கும் இடையே தீராத தகராறு. 1872-இல் இரண்டு கால்களாகப் பிரிந்த கோயில் ஒன்று கட்டினார்கள். ஒரு காலில் பிள்ளைமார், ஒரு காலில் நாடார்கள், நடுவே சுவர், இரண்டு கால்களும் சேரும் இடத்தில் பீடம். 'காற்சட்டைக் கோயில்' என்று கேலி செய்தார்கள். கடவுளுக்கு இருபுறமும் தெரியும், சனங்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. கட்டடக் கலையே இறையியல் பேசிய இடம் அது. 1910-இல் சேசுசபைக் குரு கௌசானல் சுவரை இடித்தார்.

பிள்ளைமார் வழக்குப் போட்டார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் வழக்கு இதுதான். பார்த் என்பவர் திருச்சி ஆயர். சுவரைத் திரும்பக் கட்டித்தர வேண்டும், அது எங்கள் உரிமை என்று கேட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது, கிறிஸ்தவர் ஆனவர் சாதியின் பேரால் கோயிலில் உரிமை கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சபைகள் முந்நூறு ஆண்டுகளாக நகர்த்திக்கொண்டே வந்த கோட்டை நீதிமன்றம் ஒரே வரியில் அழித்துவிட்டது போல இருக்கிறது. மூல போதனை ஜெயித்தது!

அப்படிக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதுதான் அதே வாக்கியம் திரும்பிவந்து வேறு ஆளைக் குத்துகிறது.

1950-இல் குடியரசுத் தலைவரின் அட்டவணைச் சாதிகள் ஆணை வருகிறது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் அட்டவணைச் சாதியினர் ஆகார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் வெளியே. காரணம் கேட்டால் பதில் தயார்: உங்கள் மதத்தில்தான் சாதி கிடையாதே. 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த சூசை வழக்கைப் பாருங்கள். சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்பு தைத்தவர் அவர். அட்டவணைச் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, புதிய மதச் சூழலிலும் அதே அளவு கொடுமை இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தெருவோரத்தில் அதே கல், அதே ஊசி, அதே தோல். ஆனால் நிரூபிக்கணுமாம்.

1916 வாக்கில் சுவரை இடித்தவர்களுக்குத் துணை நின்ற அதே வாக்கியம், 1985-இல் செருப்பு தைப்பவரின் கடையைப் பறிக்கிறது. வாக்கியம் மாறவில்லை. 'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை' என்பதை மேல்சாதிக்காரரிடம் சொன்னால் அது கட்டளை. தலித்திடம் சொன்னால் அது மறுப்பு. ஒரு போதனை உண்மையா பொய்யா என்பதை அதன் சொற்களில் தேடினால் கிடைக்காது. யார், யாரிடம், எந்த அதிகாரத்தில் நின்று சொல்கிறார் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது.

இதனால் ஆன கேடு சலுகையோடு நிற்கவில்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அட்டவணைச் சாதியினருக்கானது. ஆகவே காகிதத்தில் கிறிஸ்தவராக இருக்கும் தலித்தை அடித்தால் அந்தச் சட்டம் பாயாது. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்? தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டு, ஆண்ட சாதிகளோடு போட்டி போட விடப்பட்டார்கள். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அட்டவணைச் சாதி நிலையை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் மறுபடியும் ஆராய கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. கமிஷனுக்குக் குறைவில்லை.

இந்த வழக்கில் சபைத் தலைமை மாட்டிக்கொண்ட விதம்தான் வேடிக்கை. அரசிடம் போய்ச் சலுகை கேட்க வேண்டுமானால், எங்களிடம் சாதி இருக்கிறது என்று சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால், அப்படியானால் யார் செய்கிறார்கள் என்ற அடுத்த கேள்வி வரும். கல்லறையில் யார் சுவர் கட்டினார்கள்? திருச்சி மேலப்புதூரில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பியது எந்த இந்து? 2003 நவம்பரில் தமிழக ஆயர்களை ரோமில் சந்தித்தபோது இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவரே சாதிப் பாகுபாட்டை எதிர்க்க வேண்டுமென்று பேசினார். அவர்களுக்கும் தெரியும்.

6

இறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் பங்கு. கோயிலில் தனி இடம், சவ ஊர்வலத்துக்குத் தனி வழி என்று நெடுநாள் பட்ட தலித் கிறிஸ்தவர்கள் கடைசியில் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9-இல் அவர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தனிப்பங்கு கேட்டது ஒரே திருச்சபை என்ற போதனைக்கு விரோதம் என்று அப்போது உபதேசம் செய்தவர்கள் இருந்தார்கள். பிலடெல்பியாவில் வெள்ளையர் கோயிலில் மண்டியிட்டு ஜெபிக்கும்போதே எழுப்பிவிடப்பட்ட ரிச்சர்ட் ஆலனும் அவர் கூட்டத்தாரும் வெளியேறி, 1816-இல் கருப்பர்களின் மெதடிஸ்ட் சபையைத் தனியே அமைத்தபோதும் இதே உபதேசம்தான் கிடைத்திருக்கும். பொதுப் பந்தியை மறுத்தவன், தனி உலை வைத்தவனைப் பார்த்து ஒற்றுமையைக் குலைக்கிறாய் என்கிறான்.

உலை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்றே பலருக்குத் தெரியும். கிராமிய இசையில், பேச்சுத்தமிழில் வழிபாட்டை அமைத்தவர். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டவர். சாஸ்திரியாரின் கீர்த்தனைக்குக் கோயிலில் இருந்த மரியாதை பறைக்கும் தெம்மாங்குக்கும் இல்லாத இடத்தில் நின்று அதைச் செய்தார். அவர் இறையியலின் மையச் சொல் 'ஒரே ஒலை'. ஒரு குடும்பம் என்றால் ரத்தமோ குருபட்டமோ அடையாளம் இல்லை, ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுதான் அடையாளம். பிரிந்தால் "தனி ஒலை வச்சிட்டாங்க" என்கிறது ஊர்.

அப்பாவு செய்தது சின்ன நகர்வு போலத் தெரியும். பந்தி என்றால் சாப்பிட உட்காரும் இடம் மட்டும்தான். உலை என்றால் அரிசி யாருடையது, யார் கொண்டுவந்தது, யார் சமைத்தது, யார் கரண்டியைப் பிடித்தது என்ற கேள்விகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். பவுல் வீட்டுக்கு அனுப்பிவைத்த பசியை அவர் திரும்பச் சபைக்குக் கூட்டிவருகிறார். சடங்குச் சாப்பாட்டுக்கும் வயிற்றுச் சாப்பாட்டுக்கும் நடுவே கிழிக்கப்பட்ட கோடு அங்கே அழிகிறது. இதை அவர் ஆதிச்சபைக்குத் திரும்பிப்போய் எடுக்கவில்லை. சேரி வீட்டு அடுப்பிலிருந்து எடுத்தார். மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்று ஒன்று உண்டானால் அது பின்னோக்கிப் போவதாக இருக்க வேண்டியதில்லை.

ஆக, கிறிஸ்தவம் தன் போதனைகளுக்கு உண்மையாக இருந்ததா? சொல்லளவில் இருந்தது. போதனை என்பதன் எல்லையைச் சுருக்கிச் சுருக்கி, சுருங்கிய அந்த வட்டத்துக்கு மிக உண்மையாக இருந்தது. கொரிந்துவில் சாப்பாடு வெளியே போனது, கான்ஸ்டன்ஸில் பாத்திரம் வெளியே போனது, மதுரையிலும் தரங்கம்பாடியிலும் சாதி வெளியே போனது. ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளப்பட்டதைப் பிடித்துக்கொண்டு யாரோ சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைகளும் கிறிஸ்தவம்தான். சர்ச்சைத் திட்டுகிற வேகத்தில் நாம் அவர்களை மறந்துவிட்டோமானால் ராஜநாயக்கனை இரண்டாவது முறை ஒதுக்கியவர்கள் ஆவோம்.

நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. சபையைப் பார்த்து 'உங்களிடம் சாதி இருக்கிறது' என்றும், அரசைப் பார்த்து 'அவர்களிடம் சாதி இருக்கிறது, அதனால் எங்களுக்குப் பாதுகாப்பு கொடு' என்றும் ஒரே மூச்சில் தலித் கிறிஸ்தவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவதைச் சபை விரோதம் என்பார்கள், இரண்டாவதை மதமாற்றத்துக்குச் சலுகை என்பார்கள். இந்த இரண்டு வாயையும் சேர்த்து எதிர்கொள்ளாத எந்த மதவிமர்சனமும் அரைகுறைதான். அடுத்த முறை யாராவது மூல போதனை பற்றி உங்களிடம் பேசினால் வசனம் எண் கேட்க வேண்டாம். அவர் பங்கில் கரண்டி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.